எம்ஜிபி ரோட்ஸ்டர்: மடித்த ஹூட் மேல் போடும் கவர் எட்டவில்லை, பாடியில் புது ஓட்டை போடலாமா?

கும்பகோணத்தான்:

வணக்கம். வண்டி 1973 எம்ஜிபி ரோட்ஸ்டர், டாப்பைத் திறந்து ஓட்டும் பழைய பிரிட்டிஷ் கார், குரோம் பம்பர், வலது பக்க ஸ்டீயரிங், நிற்பது இங்கிலாந்தில் கவென்ட்ரியில். வாங்கும்போதே ஹூட், அதாவது மடிக்கிற துணிக் கூரை, நல்ல நிலையில்தான் இருந்தது, கறுப்பு வினைல், பழைய ஓனர் மாற்றிப் போட்டது. மடித்த ஹூட்டின் மேல் போட்டு மூடும் கவர் மட்டும் வண்டியோடு வரவில்லை. அதனால் டாப்பைத் திறந்து ஓட்டும்போதெல்லாம் சீட்டுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. மோட்டார்வேயில் ஏறினால் காற்று புகுந்து படபடவென்று அடிக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் அதுதான் தெரிகிறது, பின்னால் வரும் வண்டி தெரிவதில்லை.

போன மாதம் ஒரு கவர் வரவழைத்தேன். புதுசு, வினைல், இந்த மாடலுக்கு என்று எழுதித்தான் விற்றார்கள். பெட்டியில் நாலாக மடித்து வந்தது, அந்த மடிப்புத் தழும்பு இன்னும் போகவில்லை. பின்பக்கம், டிக்கிக்கு முன்னால் பாடியில் வரிசையாக இருக்கும், கிளிப் பூட்டுவதற்கான உலோகக் குமிழ்களில் மாட்டினால், முன்பக்கம் சீட்டுக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டிய ஓரம் இரண்டு அங்குலம் எட்டாமல் நிற்கிறது. சரி என்று முன்னால் மாட்டிவிட்டுப் பின்னால் இழுத்தால், அங்கே அதே இரண்டு அங்குலம். விற்ற கடைக்கு எழுதினேன், "போகப் போக இளகும்" என்று ஒரு வரி பதில் வந்தது. எப்படி இளகும், மாட்டினால்தானே இளகும்?

பின் ஓரத்துக்கும் முன்பக்க நடுவுக்கும் கிளிப்புகளை அவர்களே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பக்க மூலைகளுக்கும் உரியவை தனியாக ஒரு சின்னப் பையில் கிடக்கின்றன. அதில் இரண்டு வகை இருக்கிறது: ஒன்று நம் ஊர் டிச் பட்டன் மாதிரி, இன்னொன்று சதுரமாக, மேலே ஒரு சின்னப் புள்ளி வைத்தது.

கேட்க நினைப்பது இதுதான். கவரே தப்பான அளவா? பாடியில் இருக்கும் குமிழ்களைக் கழற்றி, எட்டும் இடத்தில் புது ஓட்டை போட்டு வைத்துவிடலாமா? இல்லை, இதைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கோயம்புத்தூர் பக்கம் ஒரு குஷன் கடையில் தைத்து வாங்கி வந்துவிடலாமா? படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.


பழையஇரும்பு:

டிரில்லை எடுத்து உள்ளே வையுங்கள் சார், முதல் வேலை அது.

பாடியில் இருக்கும் குமிழ்கள் உங்கள் ஹூட்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கின்றன. கவருக்காக நகர்த்தினால் மழை வரும் நாளில் ஹூட் மாட்டாது. அதோடு அந்தத் தகட்டில் ஒவ்வொரு புது ஓட்டையும் துரு நுழைவதற்கு ஒரு வாசல். இந்த வண்டிகளுக்குத் துருப்பிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து, கவர் எந்த ஃபிரேமுக்கு, அதாவது ஹூட்டைத் தாங்கும் கம்பிச் சட்டத்துக்கு, வெட்டியது என்று பாருங்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தது, அத்தனை வருடமும் ஒரே ஹூட் கிடையாது. ஆரம்பத்தில் இரண்டு விதம் கொடுத்தார்கள். ஒன்றில் துணியையும் கம்பிகளையும் தனித்தனியாகக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ள வேண்டும், இன்னொன்று வண்டியிலேயே மடியும். 1971 மாடலிலிருந்து இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவமைத்த மடிப்பு ஃபிரேம் வந்தது. உங்களுடையது 1973 என்றால் அதுதான் இருக்க வேண்டும், ஆனால் ஐம்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ, நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மடித்தபின் மூட்டையின் உயரமும் அகலமும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், கவரும் அதற்குத் தகுந்தபடிதான் வெட்டப்பட்டிருக்கும். கவர் 71-க்கு முந்தைய வண்டிக்கு உரியது என்றால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

கவர் சரியானது என்று வைத்துக்கொண்டால், இரண்டு அங்குலம் என்பது பெரும்பாலும் கவரில் குறைவதில்லை, மூட்டையில் கூடுவது. ஹூட் கீழே போய் உட்காரவில்லை. என் பகுதியில் எம்ஜி வைத்திருக்கும் நண்பர்கள் பலர் ஹூட்டைத் திறப்பார்கள், ஆனால் மடிக்க மாட்டார்கள். முன்னால் கண்ணாடிச் சட்டத்துக் கொக்கிகளை விட்டுவிட்டு ஃபிரேமை அப்படியே பின்னால் தள்ளுவார்கள். துணி கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், ஃபிரேம் பாதியில் நிற்கும், அதன் மேல் மீதித் துணியைத் திணிப்பார்கள். இது கவருக்கு அடங்காது. கம்பிகளின் கத்தரி மூட்டில் துணி மாட்டினால் சரியாக அந்த இடத்தில் கிள்ளியது போல ஓட்டை வேறு விழும்.

நான் செய்வது இப்படி. பக்கவாட்டு பட்டன்கள் எல்லாவற்றையும் முதலில் விடுவிக்கிறேன், அப்புறம்தான் முன் கொக்கிகள். ஃபிரேமைப் பாதி மடக்கியவுடன் நிறுத்தி, துணி முழுவதையும் பின்பக்கமாக வெளியே இழுத்து டிக்கி மூடியின் மேல் விரித்துப் போடுகிறேன். டிக்கி மேல் மண் இருந்தால் முதலில் துடையுங்கள், பின் ஜன்னல் பிளாஸ்டிக் அதில் உரசினால் கோடு கோடாக விழும். துணி வெளியே வந்தபின் ஃபிரேம் மட்டும் தனியாகத் தெரியும். கம்பிகளை இணைக்கும் நாடாக்கள் மூட்டுக்குள் போகாதபடி கையால் ஒதுக்கிவிட்டு ஃபிரேமைத் தரைவரை அமுக்குங்கள். கடைசி ஒரு அங்குலத்தில் லேசாக எதிர்க்கும், அது போகிறவரை அமுக்க வேண்டும். ஃபிரேம் முழுசாக இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

இப்போது விரித்த துணிக்கு வாருங்கள். இரண்டு பக்க ஜன்னல் பகுதிகளையும் உள்பக்கமாகப் பின் ஜன்னல் மேல் மடிக்க வேண்டும், நடுவில் ஒரு பழைய ஃபிளானல் துணி. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் நேராக ஒட்டிக் கிடந்தால் வெயிலில் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். பின் ஜன்னலில் கூர்மையான மடிப்பு விழக்கூடாது. அப்புறம் மொத்தத்தையும் முன்பக்கமாக ஃபிரேம் மேல் தட்டையாகத் தூக்கிப் போட்டு, உள்ளே தங்கிய காற்றைக் கையால் தடவி வெளியேற்றுங்கள். சுருட்டாதீர்கள், சுருட்டினால் நடுவில் மேடு வரும். மூட்டை இருந்த உயரம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், கவரைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.


டொரன்டோ_ரோட்ஸ்டர்:

என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, இங்கே மியாட்டா என்பார்கள். கவர் கதை ஒன்றுதான். எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, பின் ஜன்னல் பிளாஸ்டிக், அதன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகக் கிடத்திய பிறகுதான் டாப்பை இறக்க வேண்டும். அதைச் செய்யாமல் இறக்கி ஜன்னல் நடுவே கோடாக உடைந்த வண்டிகளை விற்பனைக்கு வரும் படங்களில் எப்போதும் பார்க்கலாம்.

நான் சேர்ப்பது ஒன்றுதான்: குளிர். எந்த மாதத்தில் முயற்சி செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து டிகிரியில் வினைல் ஒரு பலகை. பெட்டியில் நாலாக மடித்து வந்தது என்கிறீர்கள், அந்தத் தழும்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நீளத்தைத் தின்னும். வீட்டுக்குள் கொண்டுபோய் ஹீட்டர் ஓடும் அறையில் ஒரு ராத்திரி விரித்துப் போடுங்கள், பாய்லர் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் நல்ல வெயில் நேரமாகப் பார்த்து, கறுப்பு நிறம்தானே, வண்டி மேலேயே விரித்து அரை மணி விடுங்கள். கையில் தொட்டால் சூடு தெரிய வேண்டும். அப்போது மாட்டிப் பாருங்கள். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிக்கலாம், பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம், ஒரு நொடியில் பளபளப்பாக ஒரு திட்டு விழுந்துவிடும், அது போகவே போகாது.

மற்றபடி சொந்தக் கருத்து: இந்தக் கவர் இல்லாமலும் வாழலாம். 2005-இல் மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5 வந்தபோது டாப்பின் முன்பகுதியே மேல்பக்கமாக வந்து உட்கார்ந்து மூடி மாதிரி ஆகிவிடும்படி மடிப்பை மாற்றிவிட்டார்கள், கவரே தேவையில்லை. பழைய வண்டிக்காரர்கள்தான் பெட்ரோல் பங்க்கில் நின்று பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் ஊருக்குள் ஓட்டும்போது போடுவதே இல்லை.


கோவை_குஷன்:

தம்பி, கோயம்புத்தூர் என்று எழுதியதால் வந்தேன். எங்கள் வேலை ஜீப் டாப், சீட் கவர், எப்போதாவது பழைய அம்பாசடர், ஃபியட் இன்டீரியர். இந்த எம்ஜி இரண்டொன்று கைக்கு வந்திருக்கிறது.

படத்தை வைத்துத் தைக்கச் சொல்லாதீர்கள். தைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கும் போகாதீர்கள். இது சீட் கவர் மாதிரி இல்லை. சீட் கவரில் அரை அங்குலம் கூடினால் உள்ளே செருகி மறைத்துவிடுவோம். இங்கே ஒவ்வொரு குமிழும் பாடியில் அசையாமல் நிற்கிறது, துணி அதைத் தேடிப் போய் உட்கார வேண்டும். வண்டி முன்னால் நிற்க, ஹூட்டை ஒழுங்காக மடித்து வைத்து, அதன் மேல் தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, டேப் ஒட்டி, குமிழ் இருக்கும் இடத்தையும் தையல் வர வேண்டிய கோட்டையும் மார்க்கரால் வரைந்து எடுப்போம். அந்த ஷீட்டை வெட்டினால்தான் பேட்டர்ன். வண்டி இங்கிலாந்தில், தையல் மிஷின் இங்கே என்றால் நீங்கள் அந்த ஷீட்டை எடுத்து வர வேண்டும், வேறு வழி இல்லை. எடுத்து வந்தாலும் மூலைகளில் கிளிப் அடிக்காமல்தான் தருவேன், அதை வண்டியில் வைத்துத்தான் அடிக்க முடியும். உங்களுக்கு வந்த கவரில் மூலைகள் மட்டும் அடிக்காமல் வந்ததும் அதனால்தான், அது குறை இல்லை, தெரிந்த ஆள் செய்த வேலை.

ரெக்சின் விஷயமும் சொல்லிவிடுகிறேன். கடையில் சீட்டுக்கு விற்கும் ரெக்சினை வெளியில் போட்டால் இரண்டு வெயில் தாங்காது, மேல் பூச்சு வெடித்து உள்துணி தெரியும். டாப்புக்கென்று வருவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நூலும் அப்படி. பருத்தி நூல் மழையில் ஊறி மக்கும், பாலியஸ்டர் நூல் போடச் சொல்லுங்கள். தையல் ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும், அதனால் மேல்பக்கம் மடிப்புத் தையல் வர வேண்டும்.

பையில் இருக்கும் இரண்டு வகைக்கு வருகிறேன். டிச் பட்டன் உங்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் இழுத்தாலும் விடும். அதனால் அதை இழுவை அதிகம் இல்லாத இடத்தில்தான் போடுவார்கள், உள்பக்கம், சீட்டுக்குப் பின்னால். புள்ளி வைத்த சதுரம் லிஃப்ட்-த-டாட். அது மூன்று பக்கம் பூட்டிக்கொள்ளும், புள்ளி இருக்கும் பக்கத்தைத் தூக்கினால் மட்டும் விடும். அதனால் காற்று இழுக்கும் திசைக்கு எதிராகப் புள்ளி இருக்கும்படி திருப்பி அடிக்க வேண்டும், பொதுவாகத் துணியின் வெளி ஓரத்தைப் பார்த்துப் புள்ளி வரும், ஏனென்றால் ஓரத்தைப் பிடித்துத்தானே தூக்குவீர்கள். தப்பாகத் திருப்பி அடித்துவிட்டால் கழற்றும்போது பூட்டிய பக்கத்தைப் பிடித்து இழுப்பீர்கள், கிளிப் அப்படியே நிற்கும், துணி கிழியும். இன்னொரு வகை டெனாக்ஸ் என்று இருக்கிறது, தலையில் சின்னக் குமிழ், அதைப் பிடித்து மேலே இழுத்தால் விடும், அமுக்கினால் பூட்டும். உங்கள் ஹூட்டில் அது எங்காவது இருந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒன்றின் குமிழில் இன்னொன்று உட்காராது.

லிஃப்ட்-த-டாட் அடிப்பதற்கென்று பஞ்ச் இருக்கிறது, நடுவே வட்டமும் சுற்றி நாலு கீறலும் ஒரே அடியில் விழும். பஞ்ச் இல்லாவிட்டால் பின் தகட்டைத் துணியில் வைத்துப் பென்சிலால் வரைந்து, கூரான கத்தியால் கீறலை வெட்டலாம். கீறல் சின்னதாக இருக்கட்டும், பல்லைத் திணித்து நுழைக்க வேண்டும், தளர்வாக நுழைந்தால் நாளைக்கு அங்கேதான் கிழியும். பின்பக்கம் தகட்டைப் போட்டுப் பற்களை உள்நோக்கி மடக்கி, கட்டையில் வைத்து மெதுவாகத் தட்டுங்கள். துணி ஒற்றையாக இருக்கும் இடத்தில் அடிக்காதீர்கள், உள்ளே ஒரு துண்டு ரெக்சினையோ நாடாவையோ கொடுத்து இரட்டையாக்கிக்கொண்டு அடியுங்கள்.


யாழ்மைனர்:

எல்லாரும் வடிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் டொரன்டோ தம்பி கவர் இல்லாமலும் இருக்கலாம் என்கிறார், அதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

நான் லண்டனில் மொரிஸ் மைனர் கன்வெர்ட்டிபிள் வைத்திருக்கிறேன், அறுபதுகளில் வந்த வண்டி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு மைனர் மேல் ஏன் பித்து என்று ஒருவரும் கேட்கத் தேவையில்லை. மடித்த ஹூட்டில் வெளியே பார்த்துக் கிடப்பது பெரும்பாலும் அதன் உள்பக்கத் துணி. மழையைத் தாங்கும் பூச்சு வெளிப்பக்கம்தான், உள்பக்கம் வெயிலுக்கும் தூசிக்கும் செய்ததல்ல. கோடை முழுக்கத் திறந்தபடி ஓடினால் அந்த உள்பக்கம் மடிப்புக் கோட்டில் மட்டும் வெளிறிப் போகும், ஹூட்டை மேலே ஏற்றினால் தலைக்கு மேல் வரி வரியாகத் தெரியும். காற்றில் துணி அடித்துக்கொண்டே இருந்தால் தையலும் விடும். கவர் அழகுக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது.

ஆனால் கவர் கெடுக்கவும் செய்யும். ஈர ஹூட்டை மடித்து மேலே கவரைப் பூட்டிவிட்டுக் கராஜில் விட்டால் பூஞ்சணம் நிச்சயம். வினைல் என்றால் துடைக்கலாம், மொஹேர் துணி என்றால் அந்தக் கறுப்புப் புள்ளி போகாது, மணமும் போகாது. மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் ஹூட்டை மேலே ஏற்றிக் காயவிட வேண்டும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். பனிக்காலம் முழுக்க மடித்து வைப்பதும் கூடாது, ஹூட் மேலே இழுத்துப் பூட்டியபடி நிற்கட்டும். மாதக்கணக்கில் மடிந்து கிடந்த வினைல் சுருங்கிவிடும், பிறகு வசந்தத்தில் ஹூட்டே கண்ணாடிச் சட்டத்துக்கு எட்டாது.

இன்னொன்று கேட்க வேண்டும் தம்பி. நீங்கள் வாங்கியது ஹூட் கவர்தானே, டொனோ கவர் இல்லையே? கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். டொனோ என்பது சீட் உட்பட முழுத் திறப்பையும் டாஷ்போர்டு வரை மூடுவது, நடுவில் ஜிப் இருக்கும், தனியே ஓட்டும்போது பக்கத்து சீட்டை மூடியபடியே ஓட்டலாம். அதில் ஸ்டீயரிங்குக்கென்று ஒரு புடைப்பு தைத்திருப்பார்கள், அதனால் வலது இடது பார்த்து வாங்க வேண்டும். சீட்டில் தலைச்சாய்வு இருந்தால் அதற்கும் பை தைத்தது வேண்டும். எம்ஜிபி பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போன வண்டி, இடது ஸ்டீயரிங்குக்குத் தைத்தவை சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. ஹூட் கவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.


கும்பகோணத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஹூட் கவர்தான், டொனோ இல்லை, ஜிப் எதுவும் இல்லை. ஃபிரேம் பிந்தைய வகைதான், பழையஇரும்பு சார் கேட்டதற்காக இரண்டு வகையின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை வெயில் அடித்தது, இங்கே அது செய்தி. கவர் முந்தைய ராத்திரி முழுக்க ஹாலில் சோபா மேல் விரிந்து கிடந்தது, வீட்டில் என்ன பேச்சு கேட்டேன் என்பதை எழுதவில்லை. ஹூட்டை அவர் சொன்னபடி துணியை வெளியே இழுத்துப்போட்டு மடித்தேன். ஃபிரேம் உண்மையிலேயே இறங்காமல்தான் இருந்திருக்கிறது, வலது பக்க நாடா மூட்டுக்குள் மடிந்து மாட்டிக்கொண்டு ஒரு முடிச்சு மாதிரி தடித்துப் போயிருந்தது, அதை ஸ்க்ரூடிரைவரின் மொட்டை முனையால் நெம்பி எடுத்தபின் டக்கென்று கீழே போய் உட்கார்ந்தது. மூட்டை எவ்வளவு தாழ்ந்தது என்றால் இப்போது டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட் தெரிகிறது.

கவர் பின்னால் முழுசாக மாட்டிவிட்டது. முன்பக்கம் நடுவில் எட்டிவிட்டது. ஆனால் ஒரு மூலையில் சிக்கல் இருக்கிறது. வலது மூலை குமிழுக்கு நேராக வருகிறது. இடது மூலை அரை அங்குலம் பின்னால் நிற்கிறது, பலமாக இழுத்தால் வருகிறது, ஆனால் இழுத்தால் பின் ஓரத்தில் இடது கடைசி கிளிப் பக்கத்தில் ஒரு சுருக்கம் கோணலாக ஓடுகிறது. இப்போது அந்த மூலையில் கிளிப்பை இழுத்த நிலையில் அடிப்பதா, இழுக்காமல் எங்கே நிற்கிறதோ அங்கே அடித்துவிட்டுப் பாடியில் அந்த ஒரு குமிழை மட்டும் நகர்த்துவதா? ஒன்றே ஒன்றுதானே.


பழையஇரும்பு:

ஒன்றே ஒன்றும் வேண்டாம்.

கோணலாக ஓடும் சுருக்கம்தான் விடை. கவர் மொத்தமாக ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. நீங்கள் பின் ஓரத்தை ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக மாட்டிக்கொண்டே போயிருப்பீர்கள், வலதிலிருந்து என்று நினைக்கிறேன், இழுப்பு எல்லாம் சேர்ந்து கடைசி மூலையில் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றுங்கள். கவரின் நடுவைக் கண்டுபிடித்து உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு, பாடியிலும் நடுவில் ஒரு மாஸ்கிங் டேப் துண்டு. நடுக் கிளிப்பை முதலில் மாட்டி, அப்புறம் இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாறி மாறி வெளியே போங்கள். பின் ஓரம் முடிந்ததும் முன்பக்க நடு. மூலைகள் கடைசி. குமிழ்கள் மேல் விரல் நுனியில் தொட்டு வாஸ்லின் தடவிக்கொண்டால் கிளிப் சுலபமாக இறங்கும், புதுக் கிளிப் முதல் சில தடவை முரண்டு பிடிக்கும்.

கிளிப் அடிப்பது பற்றிக் குஷன்காரர் சொல்லட்டும்.


கோவை_குஷன்:

அவர் சொன்னபடி நடுவிலிருந்து மாட்டிவிட்டு, சூடு இருக்கும்போதே மூலையைக் கையால் இழுங்கள். சுருக்கம் மறையும் வரை இழுத்தால் போதும், அதற்கு மேல் ஒரு நூல் கூட வேண்டாம். அந்த நிலையில் துணியைக் குமிழ் மேல் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினால் குமிழின் தலை துணியில் வட்டமாகப் பதியும், அந்த வட்டத்தின் நடுதான் கிளிப்பின் நடு. பென்சிலால் குறித்துக்கொண்டு உடனே அடிக்காதீர்கள். ஒரு கிளாம்ப்பாலோ துணி கிளிப்பாலோ மூலையைப் பிடிக்க வைத்து, வண்டியை வெயிலில் ஒரு பகல் விட்டு, மறுநாள் குறி இன்னும் குமிழ் மேலேயே இருக்கிறதா என்று பார்த்தபின் வெட்டுங்கள். வினைலில் வெட்டிய ஓட்டையை மூட முடியாது.

அதற்குப் பிறகும் கால் அங்குலம் குறைந்தால் பாடியைத் தொட வேண்டாம். அதே கறுப்பு ரெக்சினில் ஒரு சின்ன நாக்கு, இரண்டு விரல் அகலம், மூலையின் அடியில் வைத்து இரட்டைத் தையல் போட்டு, கிளிப்பை அந்த நாக்கில் அடித்துக்கொள்ளலாம். வீட்டுத் தையல் மிஷினில் இந்தக் கனம் ஏறாது. அங்கே செருப்பு தைக்கும் கடையில் கேட்டால் நின்ற இடத்தில் போட்டுத் தருவார்கள்.


கும்பகோணத்தான்:

நடுவிலிருந்து மாட்டியதில் இடது மூலை தானாகவே முன்னால் வந்துவிட்டது. நாக்கு தேவைப்படாது என்று நினைக்கிறேன். குறி போட்டு, துணி காயப்போடும் கிளிப் மாட்டி வெயிலில் விட்டிருக்கிறேன், வெயில் இருக்கும் வரை. ஒரு சந்தேகம், வலது மூலைக் குமிழ் கையால் சுற்றினாலே சுற்றுகிறது. கிளிப் அடிப்பதற்கு முன்னால் அதை என்ன செய்வது?


பழையஇரும்பு:

ஓட்டை தேய்ந்திருக்கும். கழற்றி உள்ளே துரு இருந்தால் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் தொட்டு வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ உள்ள குமிழ், அல்லது இடம் இருந்தால் ரிவெட் நட் (தகட்டு ஓட்டையில் இறுகிப் பிடிக்கும், உள்ளே மரை உள்ள குழல்) போட்டு மெஷின் ஸ்க்ரூவில் பூட்டுங்கள். முறுக்குவதற்கு முன் மரையில் கொஞ்சம் கிரீஸ். இடம் மாறக்கூடாது, அதே ஓட்டைதான். அதை இறுக்கிய பிறகு வலது மூலையின் குறியை இன்னொரு தடவை எடுங்கள், ஆடும் குமிழ் மேல் எடுத்த குறி சரியாக இருக்காது.